மொக்கையன் கரும்பு

எங்கள் சர்க்கரை ஆலையின் முதல் கம்ப்யூட்டர் ஒரு மாட்டுக்கொட்டகை அளவு இருந்தது. எந்த ஊரில் யார் கரும்பை முதலில் வெட்டுவது என்று வரிசை போட்டுக் கொடுப்பது அதன் வேலை. ஆளுக்கு ஓர் அட்டை. அட்டையில் இருக்கும் ஓட்டைகளைப் பார்த்து அது ஆளைக் கண்டுபிடிக்கும்.

வந்த மறுவாரமே உள்ளே ஒரு பல்லி புகுந்தது. அன்றிலிருந்து ஒவ்வோர் ஊரின் அட்டைக் கட்டிலும் முதல் அட்டை காணாமல் போகும். தின்றது மெஷினா பல்லியா என்று ஆலைக்குள் இரண்டு கட்சி உண்டு. நான் பல்லிக் கட்சி.

மெஷினைக் கவனித்த காளிச்சாமி எந்தக் கட்சியிலும் சேராமல், ஒவ்வொரு கட்டின் மேலும் ஒரு பொய் அட்டையை வைத்தான். எங்கள் பக்கம் யாருக்கும் இல்லாத பெயராக வேண்டுமென்று, இடுக்கி எஸ்டேட்டில் கேட்ட மொக்கையன் என்ற பெயரை அதில் அடித்தான். மெஷின் மொக்கையனைத் தின்னும். மற்றவர்கள் கரும்பு ஒழுங்காக வெட்டுப்படும். பல வருடம் இப்படியே ஓடியது.

எழுபத்தாறில் புது மெஷின் வந்தது. பீரோ அளவுதான். அதற்குப் பழைய அட்டைகளின் பாஷை தெரியாது. அதனால் எமுலேட்டர் என்று ஒரு பெட்டியை உள்ளே பொருத்தினார்கள். புது மெஷினைப் பழைய மெஷின் மாதிரியே அது நடிக்க வைக்கும். பழைய புரோகிராமும் ஏமாந்து, பழைய வீட்டில் இருப்பதாக நினைத்து வேலை செய்யும். ஓர் அட்டையைக்கூட மாற்ற வேண்டாம் என்றார் மெட்ராஸ் இன்ஜினியர்.

ஒருவரும் மாற்றவில்லை. எங்கள் ஊர் பெருமாட்டியின் வரிசை வந்தது. முதலில் மொக்கையன். இரண்டாவது ஆறுச்சாமி. அது நான்.

வெட்டுக்காரர்களோடு மேஸ்திரி செங்கோட்டையன் வந்து இறங்கினான்.

"ஏனுங்க, மொக்கையன் தோட்டம் எதுங்க?"

"அப்பிடி ஒரு ஆளே இல்லப்பா. ரெண்டாவது நாந்தான். என்றத வெட்டு."

"மொத ஆளுத வெட்டாம ரெண்டாவதுல கை வெக்க மாட்டனுங்க. போன வருசம் ஒரு ஊருல வரிசைய மாத்தினதுக்கு என்ற தோளையே வெட்டிப்போட்டாங்க."

தழும்பைக் காட்டிவிட்டு ஆட்களோடு தென்னை நிழலில் படுத்துவிட்டான். என் கரும்போ பூவெடுத்துவிட்டது. பூத்தால் சாறு வற்றும். இன்னும் ஒரு வாரம் போனால் அடுப்பெரிக்கத்தான் ஆகும்.

ஆலைக்கு ஓடினேன்.

"அந்த அட்டைய எடுத்துடலாமுங்க சார்," என்று காளிச்சாமியும் கெஞ்சினான்.

"தொடக் கூடாது," என்றார் இன்ஜினியர். "ஒரு அட்டையும் மாத்தாம ஓடும்னு கம்பெனி எழுதிக் குடுத்திருக்கு."

"அப்பப் பழையபடி மொத அட்டையத் திங்கச் சொல்லுங்க," என்றேன்.

"ஏன் திங்கணும்? எங்க மெஷின்ல ஒரு கோளாறும் கிடையாது."

"அதுதானுங்க கோளாறு."

இன்ஜினியர் கம்பெனிக் காகிதத்தைப் புரட்டினார். "பழைய மெஷினோட கோளாறையும் இதுல பொருத்தணும். மெட்ராஸ்ல கேட்டு வர ஒரு மாசம் ஆகும்."

"ஒரு பல்லி புடிச்சாரட்டுங்களா?"

அவர் சிரிக்கவில்லை. பேனாவைத் திறந்துகொண்டு, "என்ன சைஸ் பல்லி?" என்றார்.

வீட்டுக்கு வந்தால் என் பெண்டாட்டி கமலாத்தாள் வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"கரும்பு பூத்துருச்சுங்க மாமா. பறிச்சுத் தலைல வெச்சுக்கட்டுங்களா?"

"நீ வேற ஏம்புள்ள..."

"இல்லாத மனுசனுக்கு ஆலைல மொத எடம். இருக்கற மனுசன் நாயா அலையறீங்க. பேசாம நீங்களும் இல்லாத ஆளாப் போயிருங்க."

எரிச்சலில் சொன்னாள். எனக்கென்னவோ அது யோசனையாகப் பட்டது. தலைத்துண்டை மாற்றிக் கட்டிக்கொண்டு தென்னை நிழலுக்குப் போனேன்.

"நாந்தான் மொக்கையன்."

செங்கோட்டையன் ஒரு கண்ணைத் திறந்தான். "காத்தால ஆறுச்சாமின்னீங்க?"

"அவன் வேற. என்னையாட்டவே இருப்பான்."

"தோட்டம்?"

"கெழபுறம் பாதி என்றது. மேபுறம் பாதி அவன்றது."

என்னை மேலும் கீழும் பார்த்தான். படுத்துப் படுத்து அவனுக்கும் சலித்திருக்க வேண்டும். "மொத ஆளு வந்துட்டாரு, எந்திரிங்கடா!" என்று கத்தினான். கிழக்கே மொக்கையன் கரும்பை முடித்துவிட்டு, மேற்கே ஆறுச்சாமி கரும்பில் இறங்கினார்கள். இரண்டு லோடும் ஆலைக்குப் போய்ச் சேர்ந்தன.

அப்பாடா என்று உட்கார்ந்தேன். கோவிந்தாபுரத்திலிருந்து ஒருவன் மூச்சுவாங்கச் சைக்கிளில் வந்தான்.

"ஏனுங்க மொக்கையண்ணா, எங்கூர்லயும் நீங்கதான் மொத ஆளாமாங்க. வெட்டுக்காரங்க படுத்துட்டாங்க. ஒருக்கா வந்து நின்னுட்டுப் போங்க!"

போனேன். அங்கே எனக்கு ஏது கரும்பு? வரப்போரம் நின்ற ஒற்றைக் கரும்பைக் காட்டினேன். அதை மரியாதையாக வெட்டி வைத்துவிட்டு அடுத்தவன் தோட்டத்தில் இறங்கினார்கள். அதன்பிறகு சீசன் முடியும்வரை ஊர் ஊராகப் போய் நிற்பதே என் பிழைப்பாகிவிட்டது.

ஒரு மாதம் என்ற இன்ஜினியர் அடுத்த வருடம்தான் அந்தக் கோளாறைக் கொண்டுவந்து பொருத்தினார். பெட்டி மொக்கையனைச் சுத்தமாகத் தின்றது என்று காளிச்சாமி சொல்லி அனுப்பினான்.

அன்றைக்குப் பூராவும் எனக்கு உடம்பு சரியில்லை.