பூட்டிய அலமாரியில் தண்ணீர்

அலமாரியைத் திறந்த போட்டோகிராபர் அலறினார்.

"ஐயோ, தண்ணி!"

பூட்டு உடையவில்லை. சாவி அவர் இடுப்பில்தான் இருந்தது. கூரையிலும் ஒழுகல் இல்லை. ஆனாலும் மேல்தட்டிலிருந்து சொட்டுச் சொட்டாக நீர் இறங்கி, கீழே இருந்த லென்ஸ் பெட்டியை நனைத்துக்கொண்டிருந்தது. சாயங்காலம் கல்யாண வரவேற்பு. அந்தப் பெரிய லென்ஸ் இல்லாவிட்டால், கிடைத்த ஒரே ஆர்டரும் கோவிந்தா.

சத்தம் கேட்டு மைத்துனன் ஓடி வந்தான். கல்லூரி ஆய்வகத்தில் வேலை. லென்ஸில் பூஞ்சை பிடிக்கிறதென்று மாமா புலம்பியபோது, லித்தியம் குளோரைடு உப்பைக் கொண்டுவந்து தந்த மகராசன் அவன்தான். காற்றிலுள்ள ஈரத்தையெல்லாம் குடித்துவிடும் என்று சத்தியம் வேறு செய்திருந்தான்.

"உன் உப்பைக் காணோம் மாப்ளே! எவனோ திருடிட்டு, தட்டுல தண்ணிய ஊத்திட்டுப் போயிருக்கான்!"

மைத்துனன் தட்டைப் பார்த்தான்.

"எவனும் வரலை மாமா. இதுதான் அந்த உப்பு. ஈரத்தைக் குடிச்சுக் குடிச்சு, அதுலயே கரைஞ்சிடுச்சு. ஆழமான பாத்திரத்துல வைங்கன்னா, சாப்பிடற தட்டுல பரப்பியிருக்கீங்களே! ஆமா, கதவை அடிக்கடி திறந்தீங்களா?"

"ஈரம் போச்சான்னு பார்க்க வேணாமா? நின்னா திறப்பேன், உட்கார்ந்தா திறப்பேன்."

"சரியாப் போச்சு! மழைக்காத்தை உள்ளே கூப்பிட்டு விருந்தே வெச்சிருக்கீங்க."

"துடைச்சா லென்ஸ் பிழைக்குமாடா?"

"உப்புத்தண்ணி மாமா. உள்ளே போயிருந்தா உலோகத்தை அரிச்சிடும்."

போட்டோகிராபர் பெட்டியைத் திறந்தார்.

காலி!

போட்டோகிராபர் தரையில் சரிந்தார். "போச்சு! லென்ஸையும் கரைச்சிடுச்சு!"

"கண்ணாடி எல்லாம் கரையாது மாமா," என்றான் மைத்துனன். குரலில் அவனுக்கே நம்பிக்கை இல்லை.

வாசலில் மனைவி நின்றாள். கையில் துணி சுற்றிய உருண்டை. பிரித்தாள். லென்ஸ்!

"என் துணி பீரோவுல இருந்துச்சு. காலையிலயே எடுத்து வெச்சேன்."

"சாவி என் இடுப்புல இருக்கு. எப்படி எடுத்தே?"

"குளிக்கப் போறப்பவுமா சாவிய இடுப்புல கட்டிக்கிட்டுப் போறீங்க?"

"அது சரி, எடுக்கணும்னு ஏன் தோணுச்சு?"

அவள் தம்பியை மேலும் கீழும் பார்த்தாள்.

"இவன் யோசனை சொன்னான்னு சொன்னீங்களே, அப்பவே தோணுச்சு. கூடப் பிறந்தவனைப் பத்தி எனக்குத் தெரியாதா?"

போட்டோகிராபர் லென்ஸை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டார். மைத்துனன் அலமாரியைத் துடைக்கத் துணி தேடினான்.