தலை மட்டும் இருந்த போல்ட்

"எந்நேரமும் தண்ணியிலேயே கிடக்குற மோட்டாருக்கு, உள்ள தண்ணி கசிஞ்சா மட்டும் என்னப்பா?"

மகள் சிறுமியாக இருந்தபோது கேட்டது. தண்ணீர் உள்ளே போகத்தான் வேண்டும், சூட்டைத் தணித்துவிட்டுத் தன் வழியே வெளியேறிவிட வேண்டும், வழி தவறினால்தான் வம்பு என்று படகுக்காரர் அன்று விளக்கியிருந்தார். இப்போது வீட்டின் பின்புறம், தண்ணீர் நிரப்பிய டிரம்முக்குள் அடிக்காலை விட்டு நின்ற படகு மோட்டாரைப் பார்த்தபடி அந்த விளக்கத்தை மனதுக்குள் கசப்போடு சொல்லிக்கொண்டார்.

ஆட்களைப் படகில் ஏற்றி அக்கரை சேர்ப்பதுதான் அவர் பிழைப்பு. மோட்டாரை ஒர்க்‌ஷாப்பில் முழுதாகப் பிரித்துக் கோத்து வாங்கிய மறுநாளே மூடிக்குள் தண்ணீர் தேங்கியது. போய்க் கேட்டதற்கு, "புது மோட்டாராவே ஆக்கிக் குடுத்தேன். கசியுதுன்னா நீங்க ஓட்டுற லட்சணம் அப்படி" என்றான் முதலாளி. படகுக்காரர் வழக்கமாக ஏற்றும் ஆட்களை இப்போது அதே துறையில் படகோட்டும் நெட்டையன் ஏற்றிப் போகிறான். துறையில் ஆழமான பக்கத்துக் கம்பத்தில் யார் படகைக் கட்டுவது என்ற சண்டையில் இருவருக்கும் பேச்சு நின்று வெகுநாளாகிறது. அந்தக் கம்பம் இவருக்கே வந்திருந்தது; நெட்டையனுக்குச் சேறு தட்டும் கடைசிக் கம்பம்தான் கிடைத்தது.

"நான் எப்ப விழுவேன்னு காத்துக்கிட்டிருந்திருக்கான் அந்த நெட்டையன்."

"முதல்ல கசிவப் பாருங்க" என்றாள் மனைவி. "அவர அப்புறம் திட்டலாம். எங்கயும் ஓடிற மாட்டாரு."

குழாயை மாற்றினார். கிளிப்பை இறுக்கினார். சொட்டும் இடத்தைத் துடைத்தால் மறுபடி அங்கேயே சொட்டியது. ஆனால் சொட்டும் இடம் வேறு, கசியும் இடம் வேறு. எங்கிருந்து வழிந்து வருகிறது என்பது ஈரத்தில் தெரியவில்லை. மனைவி உள்ளே போய் முகப் பவுடர் டப்பாவை எடுத்து வந்தாள். "நல்லா துடைச்சிட்டு இத அடிங்க. எனக்கு வேர்த்தா எங்க கோடு விழுதுன்னு கண்ணாடியில தெரியுதில்ல?"

மோட்டார் மாப்பிள்ளைபோல் வெளுத்து நின்றது. ஓடவிட்டார்கள். சற்று நேரத்தில் மேல்தகட்டின் ஒரு போல்ட்டுக்கு அடியிலிருந்து மெல்லிய கோடு ஒன்று இறங்கியது. ஓட்டத்தை நிறுத்தி ஸ்பேனரை வைத்தார். திருகவே இல்லை, தலை கையோடு வந்துவிட்டது. உடம்பு இல்லை. உள்ளே முறிந்த போல்ட்டை எடுக்கச் சோம்பி, வேறொன்றின் தலையை அறுத்துப் பசையால் ஒட்டியிருந்தார்கள்.

அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு ஒர்க்‌ஷாப்புக்குப் போனார்.

"ஒரு போல்ட்டுக்கா இவ்வளவு சத்தம்?" என்றான் முதலாளி.

"ஆத்து நடுவுல சூடேறி நின்னா படகுல இருக்கப்போறது போல்ட் இல்ல, பள்ளிக்கூடப் பிள்ளைங்க."

அவன் கைப்பேசியை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டான். மணி அடித்த மாதிரியே தெரியவில்லை.

முறிந்த துண்டை மாலைக்குள் அவரே சூடுகாட்டி எடுத்துவிட்டார். ஆனால் அந்த அளவு போல்ட் எந்தக் கடையிலும் இல்லை. மறுநாள் காலை துறைக்குப் போனபோது, அவர் படகின் பலகைமேல் துணியில் சுற்றிய ஒன்று இருந்தது. அதே அளவு போல்ட். தலையில் நீலப் பெயிண்ட். அந்தத் துறையில் நீல மோட்டார் நெட்டையன் ஒருவனுடையதுதான்.

வீட்டில் காட்டியபோது மனைவி ஆச்சரியப்படவில்லை. "துறையோரத்துக் கடைக்காரம்மா நேத்தே சொன்னாங்க. ஏறுற ஒவ்வொருத்தர்கிட்டயும், 'அண்ணன் மோட்டார் சரியாகுற வரைக்கும்தான் எங்கூட'ன்னு சொல்றாராம்."

அவர் போல்ட்டை முறுக்கினார். ஒர்க்‌ஷாப்காரன்மேல் இருந்த கோபம் ஆறவில்லை, அது ஆறவேண்டியதும் இல்லை. ஆண்டவனே, அதில் பாதியை வேண்டாத இடத்தில் கொட்டிவிட்டேனே என்றுதான் உறுத்தியது. மறுபடி பவுடர் அடித்து ஓடவிட்டார்கள். வெள்ளை கலையவில்லை.

அன்றிரவு நல்ல மழை. விடிவதற்குச் சற்று முன் அவர் மட்டும் துறைக்குப் போனார். நெட்டையனின் படகில் பலகை முட்டத் தண்ணீர். தகர டப்பாவால் கடைசிச் சொட்டுவரை இறைத்தார். பிறகு தன் படகை அவிழ்த்து, சேறு தட்டும் கடைசிக் கம்பத்துக்கு இழுத்துப்போய்க் கட்டினார். விடிந்தபோது ஆழப்பக்கத்துக் கம்பத்தில், அவர் இருமுறை இழுத்துச் சரிபார்த்த முடிச்சோடு, நெட்டையனின் நீல மோட்டார்ப் படகு மெல்ல ஆடிக்கொண்டிருந்தது.