இரண்டு அங்குல உயரம்

செவ்வாய்க்கிழமை காலை ஏழரைக்கு நான் போனபோது, வெர்ன் லிண்டாலின் புதுக் குளியலறைத் தரை வெளியே நடைவழியின் தரையைவிட இரண்டு அங்குலம் உயர்ந்திருந்தது.

டுலூத் நகரில் ஏரியைப் பார்த்திருக்கும் மேட்டுத் தெருவில் பழைய மரவீடு அது. அவர் மனைவி ஆர்லீன் பக்கவாதம் வந்து நான்கு மாதமாக மருத்துவமனையில் இருந்தார். வெள்ளிக்கிழமை வீடு திரும்ப வேண்டும். கீழ்த்தளத்தில் சக்கர நாற்காலியோடு தானே போய்வரும்படி ஒரு குளியலறை இருந்தால்தான் அனுப்புவோம் என்று சொல்லியிருந்தார்கள். இல்லையென்றால் எண்பது மைல் தள்ளி ஒரு பராமரிப்பு இல்லத்தில் இடம் பார்த்து வைத்திருந்தார்கள். வரைபடம் என்னுடையது. வேலையாட்களை வரிசைப்படி வரவழைப்பதும் என் பொறுப்பு.

தரை ஏன் உயர்ந்தது என்று பிளம்பர் லைலிடம் கேட்டேன். கழிவுநீர்க் குழாய்க்குச் சரிவு வேண்டும். அது போக வேண்டிய வழியில் குளிருக்கு வீட்டைச் சூடாக்கும் காற்று வரும் தகரக் குழாய் நிற்கிறது. அதனால் தன் குழாயை மேலே ஏற்றி, தரையையும் கட்டை கொடுத்து உயர்த்திவிட்டதாகச் சொன்னார். அவர் கணக்கு சரி. தகரக் குழாய் போட்ட கோர்டியின் கணக்கும் சரி. இருவருக்கும் தனித்தனித் தாள் கொடுத்திருந்தேன். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்திருக்க வேண்டியவள் நான். பார்க்கவில்லை.

"ரெண்டு இஞ்ச்தானே ஹைடி. வாசல்ல ஒரு சரிவுப் பலகை போட்டா முடிஞ்சது," என்றார் லைல்.

நடைவழி குறுகல். பலகை இரண்டடி நீளமாவது வேண்டும். அதன் மேலேயே நாற்காலியைத் திருப்ப வேண்டிவரும். ஆர்லீனுக்கு ஒரு கைதான் வேலை செய்கிறது. இதை நான் மெதுவாகச் சொன்னேன். சமையலறை வாசலில் நின்ற வெர்ன், தான் தூக்கி ஏற்றிவிடுவதாகச் சொன்னார். அவருக்கு எழுபத்தெட்டு வயது.

"நீங்க தூக்கினா அப்புறம் ரெண்டு நாற்காலி வாங்கணும்," என்றார் லைல். சொல்லிவிட்டு, தான் அடித்த கட்டையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

எட்டு மணிக்கு டைல் பதிக்கும் டுவேன் பெட்டிகளோடு வந்துவிட்டார். திருப்பி அனுப்பினால் இரண்டு வாரம் கழித்துத்தான் வருவார். ஏரிப் பாலத்துக்கு அந்தப் பக்கம் வேறு வேலையில் இருந்த கோர்டியைப் போனில் பிடித்தேன். தகரக் குழாயைப் பத்து அங்குலம் சுவர்ப் பக்கம் தள்ளினால் கழிவுக் குழாய் கீழே இறங்கிவிடும் என்றேன். தன் குழாய்தான் முதலில் வந்தது என்றார் அவர். ஆமாம் என்றேன். லைல் வாயால் கேட்டால் வருகிறேன் என்றார்.

போனை நீட்டினேன். லைல் அதை வாங்கிக் காதில் வைத்து, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"வந்து உன் தகர டப்பாவை நகத்துடா. நாளைக்கு மத்தியானச் சாப்பாடு என் செலவு."

டுவேனிடம் அன்று சுவர் வேலையை மட்டும் ஆரம்பிக்கச் சொன்னேன். மட்டம் பார்த்து ஒரு நீளச் சட்டம் அடித்து, அதன்மேல் இரண்டாவது வரிசையிலிருந்து ஒட்டிக்கொண்டு போகலாம். அடி வரிசையைத் தரை முடிந்த பிறகு வெட்டிச் சேர்க்கலாம். அது இரட்டை வேலை என்று முணுமுணுத்தார். பிறகு வெர்னைப் பார்த்தார். சட்டம் எங்கே என்று கேட்டார்.

மூன்று மணிக்கு கோர்டி வந்தார். தரைக்குக் கீழே நிலவறையில் அவரும் லைலும் ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டே வேலை செய்வது மேலே கேட்டது. தரையை மூடும் முன் குழாயைப் பார்க்க வேண்டிய நகர ஆய்வாளரிடம் புதன் காலை ஒன்பது மணிக்கு நேரம் வாங்கினேன். மதியம் தரை இறங்கியது. சீக்கிரம் இறுகும் சாந்தில் வியாழன் அன்று டைல். வெள்ளி காலை கழிப்பறைப் பீங்கான்.

அன்று மதியம் மூன்று மணிக்கு ஆர்லீன் வந்தார். ஒரு கையாலும் ஒரு காலாலும் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு நடைவழியில் வந்தார். குளியலறை வாசலில் வெர்ன் பின்னால் போய்க் கைப்பிடியைப் பிடித்தார்.

"கையை எடு," என்றார் ஆர்லீன்.

சக்கரம் மரத்திலிருந்து டைலுக்குப் போனது. தடுக்கவில்லை. கதவு உள்ளிருந்து இழுத்து மூடப்பட்டது.

ஐந்து நிமிடம் கழித்து, எல்லாம் சரியாக இருக்கிறதா என்று வெர்ன் கதவைத் தட்டிக் கேட்டார்.

"இருக்கு. நீ போய் காபி போடு."

அவர் போகவில்லை. சுவரில் சாய்ந்து நின்றார். உள்ளே தண்ணீர் விழும் சத்தம் கேட்ட பிறகுதான் சமையலறைக்குப் போனார்.