தூக்குக்குண்டும் ஜன்னல் கம்பியும்

ஜன்னலின் மூன்றாவது கம்பி வளைந்திருக்கிறது என்று என் மனைவி சொன்னபோது நான் பேப்பரில் இரங்கல் அறிவிப்புகளைப் படித்துக்கொண்டிருந்தேன். நம்மைவிட இளையவன் எவனாவது போயிருந்தால் அன்றைக்கு உடம்பில் தனித் தெம்பு வரும். பேப்பரை மடித்துவிட்டு ஜன்னலைப் பார்த்தேன். கம்பி நேராகத்தான் இருந்தது. சொன்னேன். "நடுவுல வளைஞ்சிருக்குங்க, யாரோ முட்டின மாதிரி" என்றாள், கையில் கேமராவை வைத்துக்கொண்டு.

வேறு யாரிடமாவது சொல்லியிருந்தால் போகட்டும் என்று விட்டிருப்பார்கள். முப்பத்துநாலு வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவனிடம் சொன்னாள். லிஃப்ட் ஏறி இறங்கும் தண்டவாளம் மயிரிழை சாய்ந்தாலும் எனக்குப் பல் கூசும். பதினெட்டு மாடிக் கட்டடத்தின் குழிக்குள் நின்றபடி, எந்த மாடியில் சாய்வு என்று அண்ணாந்து பார்த்தே சொல்லியிருக்கிறேன். பதினெட்டு என்று நான் சொன்னால் நீங்கள் ஆறு என்று எடுத்துக்கொள்ள வேண்டும். என் பேச்சை மூன்றால் வகுத்துத்தான் கேட்பது என்பது கல்யாணமான முதல் வாரமே என் மனைவி போட்ட சட்டம். மகளுக்குப் பேச்சு வருவதற்கு முன்பே இந்த வகுத்தல் வந்துவிட்டது.

பரண்மேல் ஏறி என் பழைய தூக்குக்குண்டை எடுத்தேன். நல்ல பித்தளை. வேலையை விட்டு வரும்போது கம்பெனி சால்வை கொடுத்தது. இதை நானாகவே எடுத்துக்கொண்டேன். நூலை ஜன்னல் சட்டத்தின் உச்சியில் கட்டிக் குண்டைத் தொங்கவிட்டேன். சாட்சிக்கு எதிர்வீட்டுக்காரரையும் கூப்பிட்டேன். அவர் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். எங்கே தகராறு என்றாலும் செருப்பு போடாமல் வந்துவிடுவார். ஆட்டம் நின்றதும் நூலும் கம்பியும் அண்ணன் தம்பி மாதிரி பக்கத்தில் பக்கத்தில் நேராக நின்றன.

"இப்ப சொல்லு" என்றேன்.

அவள் கிட்டே வந்தாள். இடது கண்ணை மூடிக்கொண்டாள். அது பிறவியிலேயே சோம்பேறிக் கண். வெளிச்சம் இருக்கிறதா இல்லையா என்பதற்கு மேல் ஒரு வேலையும் செய்யாது. வலது கண்ணால் நெடுநேரம் பார்த்தாள்.

"நூலும் வளைஞ்சிருக்கே" என்றாள்.

டிரைவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். எனக்குச் சிரித்துச் சிரித்து விலாவில் பிடித்துக்கொண்டது. தொங்குகிற குண்டின் நூல் வளையுமா? விட்டுக்கொடுக்க மனசில்லாமல் பூமியின் ஈர்ப்புவிசையோடு சண்டைக்குப் போகிறாள் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவளும் சிரித்தாள். முப்பத்தெட்டு வருஷத்தில் நான் ஜெயித்த முதல் வழக்கு அது. பார்த்தவரிடம் எல்லாம் சொன்னேன். ஒரு லட்சம் பேரிடமாவது சொல்லியிருப்பேன்.

அவள் யாரிடமும் எளிதில் தோற்கிறவள் இல்லை. துணி ஆலையில் செக்கிங் பிரிவில் இருபத்தொன்பது வருஷம் வேலை. விளக்குப் போட்ட சாய்பலகையில் துணி ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு இழை விட்டுப்போயிருந்தால், ஒரு முடிச்சு தடித்திருந்தால், சட்டென்று கை வைத்து நிறுத்துவாள். அந்தக் கண்ணோடு வீட்டுக்கும் வருவாள். என் மூக்கில் ஒரு முடி நீண்டிருந்தால் தெருமுனையில் இருந்தே தெரியும். சட்டைப் பட்டன் மாறியிருந்தால், "ஐட்டம் ரிஜெக்ட்" என்று வாசலில் மறித்துத் திருப்பி அனுப்புவாள்.

கேமரா வந்தது எங்கள் மகளால். இரண்டு பேரும் வீட்டில் உட்கார்ந்து ஒருவரை ஒருவர் கொன்றுவிடக் கூடாது என்று தன் பழைய கேமராவை அனுப்பி, நூலகத்து மாடியில் புதன்கிழமை நடக்கும் வகுப்பிலும் எங்களைச் சேர்த்துவிட்டாள். பதினோரு மாணவர்கள், எல்லாருக்கும் சேர்த்துப் பற்கள் ஒரு நூறு தேறும். சொல்லிக்கொடுப்பது பாஸ்போர்ட் படக்கடை வைத்திருக்கும் ஒரு பெண். நாள் முழுக்க ஆட்களை நட்டநடுவில் உட்கார வைத்துப் படமெடுத்த வெறுப்போ என்னவோ, வகுப்பில் வாயைத் திறந்தால் படத்தின் சட்டத்தை மூன்றாகப் பிரியுங்கள், ஆளை ஓரத்துக் கோட்டில் வையுங்கள் என்பதுதான். நாங்கள் அவளுக்கு மூணுபாகம் என்று பெயர் வைத்தோம். வாரத்துக்கு ஒரு பாடம். கோடு, வடிவம், சொரசொரப்பு, வெற்றிடம், சமநிலை. ஜன்னல் கம்பித் தகராறு நடந்தது கோடு வாரத்தில். நேர்க்கோடு எங்கே கிடைக்கும் என்று வீடு முழுக்கக் கண்ணை வைத்துத் தேடிக்கொண்டிருந்தவள்தான் அந்தக் கம்பியில் வந்து நின்றாள்.

என் படங்களைப் பார்த்து மூணுபாகம், "சார், நீங்க யாரை எடுத்தாலும் போலீஸ் தேடுற ஆள் மாதிரியே இருக்காங்க" என்றாள். எதையும் நான் நடுவில்தான் வைத்தேன். கை அங்கேதான் போயிற்று. என் மனைவி எடுத்ததோ வேறு ஜாதி. மாடிப்படிக் கைப்பிடி படத்தின் ஓரமாகவே இறங்கிப் போகும், நடுவில் வெறும் சுவர். சொரசொரப்பு வாரத்தில் சிமெண்டுத் தரையை எடுத்தாள். மூலையில் என் ஒற்றைச் செருப்பு. வெற்றிடம் வாரத்தில் பஸ் நிறுத்தத்து பெஞ்சு. ஒரு முழங்கை மட்டும் ஓரத்தில் எட்டிப் பார்க்கும், யாருடையதோ. மூணுபாகம் அதைச் சுவரில் பெரிதாக்கிக் காட்டினாள். பிறகு, இவ்வளவு பெரிய வெறுமையை அந்தச் சின்ன முழங்கை எப்படித் தாங்கிப் பிடிக்கிறது பாருங்கள், இதற்குப் பெயர்தான் சமநிலை, இதைச் சொல்லிக்கொடுக்க முடியாது என்றாள். பத்துக் கிழங்களும் திரும்பி என் மனைவியைப் பார்த்தன. அவள் முந்தானையால் கேமராவைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தாள்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. எங்கே போட்டி என்று கேள்விப்பட்டாலும் அவள் படத்தை அனுப்பினேன். ஏழு மாதத்தில் மூன்று சான்றிதழ், இரண்டு கேடயம். இதை மூன்றால் வகுக்க வேண்டாம், ஷோகேஸில் இருக்கிறது.

அந்த ஏழு மாதமும் வீட்டில் ஒரு ஆனந்தமான அமைதி. சாப்பிடும்போது சட்டையில் சிந்தினால் திட்டு இல்லை. மோவாயில் பாதி சவரம் விட்டுப்போனாலும் கேள்வி இல்லை. ஒருநாள் இரண்டு கால்களிலும் வெவ்வேறு நிறத்துச் சாக்ஸோடு கல்யாண வீட்டுக்கே போய்வந்தேன். ஒரு வார்த்தை சொல்லவில்லை. வயசாக ஆகக் கனிந்துவிட்டாள் என்று டிரைவரிடம் சொன்னேன். கேமரா ஒரு பொம்பளையை இப்படி மாற்றும் என்றால் நானும் ஒன்று வாங்கிவிடுகிறேன் என்றார் அவர்.

வருஷக் கடைசியில் நூலகத்தில் கண்காட்சி வைத்தார்கள். வாசலுக்கு நேரே, கதவளவுக்கு அவள் எடுத்த படம். அதில் இருப்பது நான். இருக்கிறேன் என்றால், இடது ஓரத்தில் ஒரு காது, ஒரு தோள், கொஞ்சம் கன்னம். மற்றதெல்லாம் எங்கள் வீட்டுச் சுவர். வந்த ஒரு பெரிய மனிதர், கணவரை ஏன் அம்மா இப்படி ஓரங்கட்டிவிட்டீர்கள் என்று கேட்டார். கூட்டம் சிரித்தது.

"நடுவுல வச்சா அவரு காணாமப் போயிடுறாரு" என்றாள் என் மனைவி.

எல்லாரும் கை தட்டினார்கள். அந்தப் பெரிய மனிதர் அதைத் தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். நான்தான் எல்லாரையும்விடப் பலமாகத் தட்டினேன்.

இரண்டு நாள் கழித்து மூணுபாகம் கண்காட்சியில் எடுத்த படங்களைப் பிரிண்டு போட்டுக் கொடுத்தனுப்பினாள். ஒன்றில் நானும் மனைவியும் அந்தப் பெரிய படத்துக்கு முன்னால் சேர்ந்து நிற்கிறோம். என் சட்டையில் முதல் பட்டன் இரண்டாவது ஓட்டையில். அங்கிருந்து கீழே வரைக்கும் தப்பு. காலரின் ஒரு பக்கம் நாலு விரல் ஏறி நிற்கிறது. ஒரு சர்க்கஸ்காரன் மாதிரி இரண்டரை மணி நேரம் நின்றிருக்கிறேன். முதலில் சிரித்தேன். அப்புறம் அன்றைக்கு வீட்டை விட்டுக் கிளம்பும்போது நடந்தது ஞாபகம் வந்தது. அவள் என் எதிரில் நின்று, முகத்தை நேராகப் பார்த்து, என் சட்டையைத் தடவி இழுத்துவிட்டு, "ம், நல்லாருக்கு" என்று சொல்லித்தான் அனுப்பினாள். இருபத்தொன்பது வருஷம் துணி பார்த்தவள்.

படத்தை எடுத்துக்கொண்டு போனேன். அவள் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். "இதுல என்ன தப்புன்னு சொல்லு பாப்போம்" என்று கையில் கொடுத்தேன்.

வாங்கிக்கொண்டாள். கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனாள். தள்ளிப் பிடித்தாள். தலையைச் சாய்த்து, ஓரமாகப் பிடித்து, சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"இதுல நீங்க எங்க நிக்குறீங்க?" என்றாள்.

நான் நட்டநடுவில் நின்றிருந்தேன்.

கண் டாக்டர் சின்ன வயசுக்காரர், அதிராமல் பேசுகிறவர். கட்டம் கட்டமாகக் கோடு போட்ட ஒரு அட்டையை அவள் முன்னால் பிடித்து, கோடெல்லாம் எப்படித் தெரிகிறது என்று கேட்டார். ஓரத்துக் கோடெல்லாம் நேர், உள்ளே போகப் போக வளைகிறது, நட்டநடுவில் அட்டையே இல்லை என்றாள். முன்பு கோடு மட்டும் வளைந்ததாகவும், பிறகு அழுக்குப் பட்டது போல ஒரு புள்ளி வந்ததாகவும், அது கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதானதாகவும், துணியில் கறை பரவுவதைச் சொல்கிற மாதிரி வரிசையாகச் சொன்னாள். எப்போதிலிருந்து என்று கேட்டார்.

"இவரு நூல் கட்டிக் காட்டின நாள்ல இருந்து."

டாக்டருக்குப் புரியவில்லை. என்னைப் பார்த்தார். ஒரு லட்சம் பேரிடம் சொன்ன கதையை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவளே சொன்னாள், சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்து. அவர் சிரிக்கவில்லை. விழித்திரைக்கு அடியில் ரத்தம் கசிந்து நடுப்பகுதி தழும்பாகிவிட்டது, கோடு வளைந்த அந்த வாரமே வந்திருந்தால் ஊசி போட்டுப் பெரும்பாலும் காப்பாற்றியிருக்கலாம், இனிப் போடுகிற ஊசி மிச்சமிருப்பது போகாமல் இருக்கத்தான் என்றார். அந்தக் கண்ணில்தான் அவள் இத்தனை நாள் கேமராவை வைத்துப் பார்த்திருக்கிறாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில், ஏன் என்னிடம் மறுபடியும் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னேன். நீங்க அளந்து காட்டிட்டீங்க. என் கண்ணைவிட உங்க குண்டுதானே கரெக்டா இருக்கும்." கொஞ்ச தூரம் போன பிறகு, "அப்புறம் எல்லாரும் நல்லாருக்கு நல்லாருக்குன்னாங்க. வாழ்க்கையில நான்தான் மத்ததுல குறை சொல்லியிருக்கேன், என் கையில இருந்து வந்ததை யாரும் நல்லாருக்குன்னு சொன்னதில்ல. அதைக் கெடுத்துக்க மனசு வரலங்க" என்றாள்.

மகளிடம் போனில் சொன்னேன். ஒன்றுமில்லை, அம்மாவுக்குக் கண்ணில் ஒரு சின்ன மங்கல், வயசானால் வருவதுதான் என்றேன். "அப்பா, நீங்க ஒண்ணைச் சின்னதுன்னு சொல்லி நான் கேட்டதே இல்ல. பயமா இருக்கு" என்றாள்.

இப்போது அவள் ஓரத்தால் பார்க்கப் பழகுகிறாள். டாக்டர் சொல்லிக்கொடுத்தது. என் முகம் தெரிய வேண்டுமானால் என் காதுக்கு அப்பால் இருக்கும் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். புதிதாக வருகிறவர்கள் அவள் பார்வை போகும் பக்கம் திரும்பிக் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, நேரமாகிவிட்டது போல என்று எழுந்துவிடுகிறார்கள். டிரைவர் மட்டும் எழுவதில்லை. வருகிறார், உட்காருகிறார், அந்த ஜன்னல் பக்கம் திரும்பாமலே டீயைக் குடித்துவிட்டுப் போகிறார். நூலை நான் இன்னும் அவிழ்க்கவில்லை. குண்டு அங்கேயே தொங்குகிறது.

ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த மறுநாளிலிருந்து தினமும் காலையில் சட்டையை வேண்டுமென்றே மாற்றிப் பட்டன் போட்டுக்கொள்கிறேன். முதல் பட்டன், இரண்டாவது ஓட்டை. போட்டுக்கொண்டு அவள் எதிரில் இப்படியும் அப்படியும் நடப்பேன். நாற்பத்தொரு நாள், ஒரு 'ரிஜெக்ட்' வரவில்லை. இதையும் வகுக்க வேண்டாம்.

இன்று காலையில் அவளாகவே அலமாரியைத் தடவிக் கேமராவை எடுத்தாள். ஜன்னல் பக்கம் நாற்காலியைப் போட்டு உட்காரச் சொன்னாள். உட்கார்ந்தேன். கேமராவை வலது கண்ணில் வைத்தாள். கொஞ்சம் தள்ளச் சொன்னாள், தள்ளினேன். இன்னும் என்றாள். நாற்காலியோடு நகர்ந்து நகர்ந்து சுவரில் தோள் இடித்தது. இதற்கு மேல் சுவர்தான் என்றேன்.

"அங்கேயே இருங்க. அசையாதீங்க" என்றாள்.

வெயில் கம்பிகளின் நிழலைத் தரையில் நீட்டி வைத்திருந்தது. நடுவில் குண்டின் நிழல். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு, நிமிர்ந்து, கோணல் சட்டையை நன்றாக முன்னால் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கிளிக் சத்தம் வரவில்லை. ஷட்டரில் இருந்த அவள் விரல் எழுந்தது. காற்றில் கொஞ்சம் தயங்கி, தன் கழுத்துக்குக் கீழே, சட்டை போட்டிருந்தால் முதல் பட்டன் இருக்கும் இடத்தில் வந்து நின்றது.