பிரேக்கில் ஒரு கால்

இனிமேல் காரை நானே ஓட்டப்போகிறேன் என்று அக்கா சொன்னபோது தம்பி சாப்பிடுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தான். அவளிடம் லைசென்ஸ் உண்டு. கல்யாணத்துக்கு முன்பே எடுத்தது. ஆனால் அவள் கணவரான மாமா உயிரோடு இருந்தவரை ஸ்டியரிங்கை அவள் கையில் கொடுத்ததே இல்லை. இந்த வண்டிக்கு என் கை மட்டும்தான் பழக்கம் என்று சொல்லிச் சொல்லியே காலத்தைக் கடத்திவிட்டார். அவர் ஓட்டிய அழகும் தெருவுக்கே தெரியும். சைக்கிளில் போகிறவர்கள்கூட அவரை முந்திப் போய்த் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார்கள். ஆமை என்று அவருக்குப் பட்டப்பெயர்.

அவர் போனபிறகு கார் வீட்டின் பின்னால் தகரக் கொட்டகையில் தூசி படிந்து கிடந்தது. அக்கா வேலை பார்க்கும் மருந்துக்கடை இப்போது மலையடிவாரத்துக்கு மாறிவிட்டது. அந்தப் பக்கம் பஸ் போவதில்லை.

தம்பி பஸ் டிப்போவில் பிரேக் வேலை பார்ப்பவன். பழைய ட்ரம் பிரேக்கோடு ஏன் மல்லுக்கட்ட வேண்டும், முன்சக்கரங்களுக்கு டிஸ்க் மாற்றிவிடலாமே என்றான். அக்கா ஒப்பவில்லை. இருப்பதைச் சரிசெய்து கொடுத்தால் போதும் என்றாள்.

விடுமுறை நாளாகப் பார்த்து ஜாக்கி வைத்துக் காரைத் தூக்கி நிறுத்தினான். சக்கரங்களைக் கழற்றினால், உள்ளே கிண்ணம்போன்ற ட்ரம்கள் துருவேறி இறுகிப்போயிருந்தன. மரச்சுத்தியலால் சுற்றிலும் தட்டித் தட்டி, முதல் ட்ரம் கையோடு வந்ததும் அதை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டான். வெளியே அவ்வளவு துரு. உள்ளே, பிரேக் பிடிக்கும்போது ஷூ கட்டை வந்து உரசும் இடம் மட்டும் துலக்கி வைத்த பாத்திரம்போலப் பளபளத்தது. ஓடாமல் நிற்கிற வண்டியில் முதலில் துருப்பிடிப்பதே அந்த இடம்தான். ஷூவின் மேல் ஒட்டியிருந்த லைனிங்கைத் தொட்டால் புதிதாக உதிர்ந்த கறுப்புத் தூள் விரலில் ஒட்டியது. கூடவே ஒரு கருகல் வாடை. நீண்ட இறக்கத்தில் பிரேக்கைப் பிடித்துக்கொண்டே வந்த பஸ்ஸில் அடிக்குமே, அதே வாடை. மற்ற மூன்று சக்கரங்களிலும் இதே கதைதான்.

வண்டியை யாராவது எடுத்தார்களா என்று அக்காவிடம் கேட்டான். சாவி பீரோவில் இருக்கிறது, பாட்டரியைக் கழற்றி எடுத்துப்போனவனே நீதான், யார் எடுப்பார்கள் என்று அவள் திருப்பிக் கேட்டாள்.

ட்ரம்களை லேத்தில் கொடுத்து லேசாகக் கடைந்து வாங்கினான். புது ஷூ, புது ஸ்பிரிங், சக்கரத்துச் சிலிண்டர்களுக்குள் புது ரப்பர் எல்லாம் போட்டு முடிக்க அடுத்த விடுமுறை வந்துவிட்டது. குழாய்களுக்குள் புகுந்த காற்றை வெளியேற்றுவதுதான் பாக்கி. அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து பிரேக்கை மிதித்துப் பிடிக்க வேண்டும். இன்னொருவர் கீழே சக்கரத்தின் பின்னால் இருக்கிற சின்ன நிப்பிளைத் திறந்து, காற்றும் ஆயிலும் வந்ததும் மூட வேண்டும். மூடுவதற்கு முன் காலை எடுத்துவிட்டால் காற்று மறுபடி உள்ளே போய்விடும்.

பிரேக் விளக்கையும் பார்த்துவிடலாமென்று பாட்டரியை மாட்டினான். வீட்டைப் பார்த்து அக்காவைக் கூப்பிட்டான். "வர்றேன்" என்று அவள் குரல் கேட்டது. அவன் காரின் அடியில் போய்ப் படுத்துக்கொண்டான். கொஞ்ச நேரத்தில் தலைக்கு மேல் இருக்கையின் ஸ்பிரிங் முனகியது.

"மிதி," என்றான். பெடல் இறங்கியது. "புடிச்சுக்கோ." நிப்பிளில் செருகிய குழாயில் குமிழிகள் வந்தன. மூடினான். "விடு."

எத்தனையோ பேரை மிதிக்க வைத்து வேலை பார்த்திருக்கிறான். அவசரப்பட்டு விட்டுவிடாமல் யாரும் இருந்ததில்லை. அக்காவின் கால் ஒரு தடவைகூடத் தவறவில்லை. அவன் விடு என்று சொல்கிறவரை மிதித்த கால் மிதித்தபடியே இருந்தது. டிப்போவில் உனக்கு வேலை வாங்கித் தரட்டுமா என்று அடியிலிருந்தபடியே கேட்டான். மேலே இருக்கையின் ஸ்பிரிங் மட்டும் முனகியது.

கடைசிச் சக்கரத்தில் "புடிச்சுக்கோ" என்று சொல்லி, குமிழி நின்றதும் நிப்பிளை இறுக்கி மூடினான். அப்போது வாசல் கதவு கிறீச்சிட்டது. செருப்புச் சத்தம் நெருங்கி வந்தது. காரின் அடியிலிருந்து பார்த்தபோது அக்காவின் பாதங்களும் பக்கத்தில் ஒரு பையும் தெரிந்தன.

அவன் மெல்ல ஊர்ந்து வெளியே வந்தான். "நீ இப்ப எங்கேருந்து வர்ற?"

"மளிகைக் கடையிலேருந்து. வர்றேன்னு சொல்லிட்டுத்தானே போனேன்."

காரின் பின்னால் கொட்டகைச் சுவரில் சிவப்பு வெளிச்சம் விழுந்திருந்தது. பிரேக் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

ஓட்டும் இருக்கையில் யாரும் இல்லை. பிரேக் பெடல் மட்டும் இறங்கி நின்றது. கதவைத் திறந்து அதைக் கையால் மேலே இழுத்துப் பார்த்தான். ஒரு மனிதனின் முழங்காலை நிமிர்த்தப் பார்ப்பதுபோல இருந்தது. "விடு," என்றான். சுவரின் சிவப்பு அணையவில்லை.

அக்கா பையைக் கீழே வைத்தாள். அதுவரை யாரிடமும் சொல்லாததை அப்போது சொன்னாள். மலை இறக்கத்தில் வரும்போதுதான் மாமாவுக்கு நெஞ்சுவலி வந்தது. எதிரே ரோடு போடுகிறவர்கள் கூட்டமாக நின்றிருந்தார்கள். அவர்களுக்குச் சற்று முன்னால் கார் நின்றுவிட்டது. ஹேண்ட் பிரேக் போட அவருக்கு நேரம் இல்லை. உயிர் போனபிறகும் கால் பிரேக்கின் மேலேயே இருந்தது. இரண்டு பேர் சேர்ந்துதான் அதை எடுத்தார்களாம்.

வேண்டாம், இந்த வண்டியைத் தலைமுழுகிவிடலாம் என்றான் தம்பி. அக்கா கேட்கவில்லை. சக்கரங்களை மாட்டச் சொன்னாள். ஒவ்வொன்றாக மாட்டினான். எந்தச் சக்கரமும் கையால் சுற்ற மசியவில்லை. ஜாக்கியை இறக்கிக் காரைத் தரையில் விட்டான்.

அக்கா ஓட்டும் பக்கத்துக் கதவின் மேல் கை வைத்துக் குனிந்தாள். பஸ்ஸில் இடம் கேட்கிறவள் மாதிரி நின்றாள்.

"போதுங்க," என்றாள். "வண்டி நின்னாச்சு. யாருக்கும் ஒண்ணும் ஆகல. கொஞ்சம் தள்ளி உக்காருங்க, நான் ஓட்டறேன்."

பிறகு பெடல் மெதுவாக, மனமில்லாமல் மேலே வந்தது. சுவரிலிருந்த சிவப்பு அணைந்தது. கார் தானாக ஒரு சாண் உருண்டு நின்றது. பக்கத்து இருக்கையின் ஸ்பிரிங் ஒருமுறை முனகி அடங்கியது.

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். தம்பி பின்கதவைத் திறந்து பின்னால் ஏறிக்கொண்டான். யாரும் அவனை அங்கே உட்காரச் சொல்லவில்லை.

தெருமுனை தாண்டுவதற்குள் எஞ்சின் பலமுறை அணைந்தது. அப்புறம் அவளுக்குக் கை கூடிவந்தது. பிரேக் கனமாக, ஒரு பக்கமும் இழுக்காமல் பிடித்தது. வேறு நாளாக இருந்தால் தம்பி தன் முதுகில் தானே தட்டிக்கொண்டிருப்பான். அன்று அவன் கண்ணெல்லாம் பக்கத்து இருக்கையின் முன்னே கிடந்த ரப்பர் விரிப்பின் மேல் இருந்தது. ஒவ்வொரு திருப்பத்திலும் அது ஒரு பாத அளவுக்குப் பள்ளமாக அமுங்கியது. அடுத்தவர் ஓட்டும் காரில் பயந்தவர்கள் இல்லாத பிரேக்கை மிதிப்பார்களே, அந்த மாதிரி. திருப்பம் தாண்டியதும் விரிப்பு எழும்பியது.

அக்காவும் பார்த்திருக்க வேண்டும். "சும்மா இருங்க," என்றாள், ரோட்டைவிட்டுக் கண்ணை எடுக்காமல்.

அன்றிலிருந்து அவள்தான் ஓட்டுகிறாள். மலையடிவாரம்வரை போய்வருகிறாள், மழையிலும் போகிறாள். மருந்துக்கடையில் அவளோடு வேலை செய்கிற பெண் ஒருத்தி, கார் வந்து நின்றபிறகும் அக்கா இறங்காமல் உள்ளே கோபமாகப் பேசிக்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறாள். என்ன விஷயம் என்று விசாரித்தபோது, எந்த வழியாக வருவது என்பதில் சின்ன வாக்குவாதம் என்று மட்டும் சொல்லிவிட்டு அக்கா மருந்துகளை அடுக்கப் போய்விட்டாளாம்.