நீலக் கதவு விடுதி

சனிக்கிழமை மத்தியானம் புத்தகக் கடைக்குப் போவது எனக்கு ஆபீசுக்கு இன்னொரு தடவை போவது மாதிரிதான். இருபத்திரண்டு வருஷமாகப் பயண வழிகாட்டிப் புத்தகம் போடும் கம்பெனியில் புரூஃப் பார்க்கிறேன். கால் வைக்காத நாடுகளில் எந்த மியூசியத்துக்கு எந்தக் கிழமை லீவு என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். பாஸ்போர்ட் மட்டும் போன மாதம்தான் வந்தது.

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் யாராவது இரண்டு மாடிக்கு நடுவில் மாட்டிக்கொண்டால் எங்கள் வீட்டு போன் அடிக்கும். அவருக்கு முட்டி இரண்டும் போய்விட்டது. இரண்டு பேருக்கும் சேர்ந்தாற்போல் பன்னிரண்டு நாள் லீவு கிடைத்தது கல்யாணத்துக்கு அப்புறம் இதுதான் முதல் தடவை. இதற்கு முன்னால் போனதெல்லாம் அவர் அண்ணன் ஏற்பாடு செய்த டூர். நாற்பது பேர், ஒரு பஸ், முன்னால் கொடி பிடித்துக்கொண்டு ஒருவன். விடியற்காலை நாலரைக்கு என் ஓரகத்தி ரூம் ரூமாகப் போய்க் கதவைத் தட்டுவாள். வீட்டிலும் அவள் மாடியில்தான் இருக்கிறாள், தட்டும் பழக்கமும் அப்படியேதான் இருக்கிறது. டூர் போய்வந்த அலுப்புத் தீர இன்னொரு லீவு போட வேண்டியிருக்கும்.

"இந்தத் தடவை நாம ரெண்டு பேர் மட்டும். கையில ஒரு புக்கு, அவ்வளவுதான்," என்று சொல்லிவிட்டார். எந்த நாடு, எந்த ஊர் என்பதையும் அவரே முடிவு செய்து டிக்கெட் போட்டுவிட்டார். அந்த ஊர்தான் சிக்கல்.

எட்டு வருஷத்துக்கு முன்னால் எங்கள் கம்பெனி போட்ட புத்தகம் ஒன்று வீட்டில் கிடக்கிறது. நான் கொண்டுவந்ததுதான். அதில் ஓர் ஏரிக்கரை ஊர், அந்த ஊரில் நீலக் கதவு விடுதி. அந்தப் பத்தி அவருக்கு மனப்பாடம்: "ஆறே அறைகள். மூன்றாம் எண் அறையின் ஜன்னல் தண்ணீரைப் பார்த்திருக்கும். எந்நேரமும் வெந்நீர் உண்டு. நடத்தும் அம்மாள் கேள்வி கேட்க மாட்டார். காலை பத்து மணி வரை யாரும் கதவைத் தட்ட மாட்டார்கள்."

அப்படி ஒரு விடுதி கிடையாது. அதை எழுதியது நான்தான்.

எங்கள் தொழிலில் திருட்டு அதிகம். ஒருவன் ஊர் ஊராக அலைந்து எழுதியதை இன்னொருவன் உட்கார்ந்த இடத்தில் காப்பியடித்துப் புத்தகமாகப் போட்டுவிடுவான். அதனால் ஒவ்வொரு பதிப்பிலும் இல்லாத இடம் ஒன்றைச் சேர்த்து வைப்போம். ஆபீசில் அதற்கு எலிப்பொறி என்று பெயர். அது வேறொருவன் புத்தகத்தில் தலைகாட்டினால் ஆளைக் கையும் களவுமாகப் பிடித்துவிடலாம். எலிப்பொறி எது என்று மேனேஜருக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். வெளியே மூச்சு விட மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன், கட்டின புருஷனும் அதில் சேர்த்தி. யாருக்கும் போகத் தோன்றாத இடமாகத்தான் வைக்க வேண்டும். பூட்டிய வாசகசாலை, தண்ணீர் வராத நீரூற்று, இப்படி. அன்றைக்கு நான் இருந்த இருப்பில் ஒரு விடுதியை வைத்துத் தொலைத்தேன். மேனேஜரும் தலைக்கு மேல் வேலை என்று படிக்காமலே ஓகே போட்டார்.

சொல்லியிருக்கலாம்தான். ஆனால் மனுஷர் வேலை முடிந்து வந்து, முட்டியில் தைலம் தேய்த்துக்கொண்டு, அந்தப் பக்கத்தைத் திறந்து மடியில் வைத்துக்கொள்வார். அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று எட்டு வருஷம் ஓடிவிட்டது. இப்போது அந்த விலாசத்துக்குக் கடிதமும் போட்டுவிட்டார், மூணாம் நம்பர் ரூம் வேண்டுமென்று. பதில் வரவில்லை.

"நெட்லயும் காணோம்," என்றார். "நெட்ல வராத இடம்தான் நல்ல இடம். புது புக்குல போன் நம்பர் இருக்கும், பாத்துக்கலாம்."

அப்படித்தான் அந்தக் கடைக்கு வந்து சேர்ந்தோம். கடைக்காரர் அந்த நாட்டுக்கு நாலு புத்தகம் இருப்பதாகச் சொல்லி எடுத்து அடுக்கினார். என் வீட்டுக்காரர் அட்டையைப் பார்க்கவில்லை, ஆசிரியர் யார் என்று பார்க்கவில்லை. ஒவ்வொன்றிலும் நேராக ஏரிக்கரை ஊருக்குப் போய் விரலை வைத்துத் தேடினார். நீலக் கதவு விடுதி இல்லாத புத்தகம் இவர் கணக்கில் புத்தகமே இல்லை.

முதலில் எங்கள் கம்பெனியின் புதுப் பதிப்பு. பதிப்புக்குப் பதிப்பு எலிப்பொறியை மாற்றிவிடுவோம், அதனால் விடுதி அதில் இல்லை.

"உங்க புக்குலயே எடுத்துட்டாங்களே. மூடிட்டாங்களோ?"

முகம் தொங்கிப் போனது. எனக்கோ பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி இருந்தது. "மூடியிருப்பாங்க. எட்டு வருஷம் ஆச்சுல்ல," என்றேன். வாய் கூசாமல் வந்தது. அவர் இரண்டாவது புத்தகத்தைப் புரட்டினார். அதிலும் இல்லை. இதோடு விட்டது என்று நினைத்தேன்.

மூன்றாவது, தலையணை மாதிரி தடித்த, பளபளப்பான புத்தகம். "இங்க பாரு," என்றார். குரலே மாறிவிட்டது. "இருக்கு. மூணாம் நம்பர் ரூம், ஜன்னல், எல்லாம் இருக்கு. ‘நாங்கள் தங்கியபோது காலைச் சிற்றுண்டி மிக அருமை’ன்னு வேற போட்டிருக்கான்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திருடினது போதாதென்று உட்கார்ந்து சாப்பிட்டும் விட்டானாம், படுபாவி. நான் போட்ட ஆறு அறைக்கு இவன் சமையற்கட்டு கட்டியிருக்கிறான். எலி மாட்டிக்கொண்டது, திங்கட்கிழமை மேனேஜரிடம் சொன்னால் சந்தோஷத்தில் குதிப்பார். ஆனால் இவர் அதற்குள் அந்தப் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பில் போடும் இடத்துக்கு நடக்க ஆரம்பித்துவிட்டார். வலது காலை இழுத்து இழுத்து நடந்தார். அதே காலோடு தெரியாத ஊரில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, இல்லாத கதவைத் தேடிக்கொண்டு இவர் நிற்பது என் கண்ணுக்குத் தெரிந்தது.

"அதை வாங்க வேண்டாம்," என்றேன்.

"ஏன், வெயிட்டா இருக்கா? நான் தூக்கிக்கிறேன்."

"அந்த லாட்ஜே கிடையாதுங்க."

"இங்க ஒருத்தன் சாப்பிட்டே இருக்கானே."

"அவன் பொய் சொல்றான். முதல்ல பொய் சொன்னது நான்."

எலிப்பொறியைப் பற்றி எல்லாவற்றையும் சொன்னேன். மேல்தட்டுப் புத்தகங்களை எடுக்க ஏறும் முக்காலி ஒன்று கிடந்தது, அதில் உட்கார்ந்துகொண்டார். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"வெந்நீர்?" என்றார்.

"அதுவும் நான்தான்."

"கேள்வி கேக்காத அம்மா?"

"அந்த அம்மாவும்தான்."

கொஞ்ச நேரம் முட்டியைத் தடவிக்கொண்டிருந்தார். "இதை எழுதினவன் நம்மள மாதிரி அலுத்துப் போன ஆளா இருக்கணும்னு நினைப்பேன். நேர்ல பாத்தா ஒரு டீ வாங்கிக் குடுக்கணும்னு கூட நினைச்சிருக்கேன்." அப்புறம், "எப்ப எழுதினே?" என்றார்.

"மாமா படுத்த படுக்கையா இருந்தாங்களே, அந்த வருஷம். தினம் விடியக்காலை அஞ்சு மணிக்கு என்னை எழுப்ப, தன் கைத்தடியால நம்ம ரூம் கதவைத் தட்டச் சொல்லி, ராத்திரி துணைக்கு வச்சிருந்த அட்டெண்டரை அனுப்புவாங்க."

"அப்பாவா? எனக்கு ஒரு நாளும் கேட்டதில்லையே."

"எப்படிக் கேக்கும்? ரெண்டாவது தட்டுக்குள்ள நான் எழுந்திடுவேன்ல."

அவர் என்னையே பார்த்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த ஒன்றரை வருஷம் நான் எவ்வளவு களைத்துக் கிடந்தேன் என்பதை யாரிடமும் சொன்னதில்லை. அச்சடித்துப் பல்லாயிரம் பிரதி விற்றதோடு சரி.

கடைசியில் நாலாவது புத்தகத்தை வாங்கினோம். ரிட்டயர்டு நர்ஸ் ஒருத்தி தானே நடந்து பார்த்து எழுதியது. ஒல்லியான புத்தகம், கையால் வரைந்த மேப், ஏகப்பட்ட பிழை, என் பேனா துடித்தது. ஏரிக்கரை ஊரைப் பற்றி இப்படிப் போட்டிருந்தாள்: "பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இரண்டு லாட்ஜ். இரண்டும் சுமார். முதல் பஸ் ஐந்தரைக்கு ஹாரன் அடிக்கும். காதுக்குப் பஞ்சு கொண்டுபோகவும்."

"இவளை நம்பலாம்," என்றேன். அவர் தலையாட்டினார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பழக்கதோஷம், ஐந்து மணிக்கே விழிப்பு வந்துவிட்டது. பக்கத்தில் அவர் இல்லை. எங்கேயோ லிஃப்ட் நின்றிருக்கும், போயிருப்பார் என்று நினைத்துக்கொண்டு எழுந்திருக்கப் போனேன். மாடிப்படியில் ஓரகத்தியின் செருப்புச் சத்தம் கேட்டது. கதவுக்கு வெளியே நாற்காலி கிறீச்சிட்டது.

"பத்து மணிக்கு மேல வாங்க அண்ணி," என்றது அவர் குரல்.

"ஏன், அவளுக்கு உடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கா. தூங்குறா."

"இந்நேரம் வரைக்குமா? ஒரு நிமிஷம், ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போயிடறேன்."

"பத்துக்கு மேல வாங்க."

செருப்புச் சத்தம் மேலே ஏறிப் போயிற்று. அப்புறம் ஒரு தடவை அவருடைய போன் அடித்தது, முதல் மணியிலேயே எடுத்து, வேறு ஆளை அனுப்பச் சொல்லி ரகசியம் பேசுகிற மாதிரி பேசி வைத்தார். எனக்குத் தூக்கம் வரவில்லை. ஜன்னலுக்கு வெளியே தண்ணீர் இல்லை, எதிர்வீட்டுச் சுவர்தான். இருந்தாலும் எழுந்திருக்கவில்லை, போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டு கிடந்தேன்.

பத்து அடித்து இரண்டு நிமிஷம் கழித்து, கதவைத் தட்டாமல், வெளியே நின்று தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"வெந்நீர் போட்டு வச்சிருக்கேன்," என்றார்.