மச்சாளுக்காகப் பதித்த புல்

எங்கள் வீடு எங்களுடையதல்ல. உடுவிலில் இருக்கும் இந்த வீடும் வளவும் என் கணவரின் அக்கா மனோன்மணியின் சீதனம். மச்சாள் கனடாவுக்குப் போய் முப்பத்தைந்து வருடமாகிறது. நாங்கள் குடியிருந்து பார்த்துக்கொள்கிறோம். இருபத்திரண்டு வருடமாக விடியவெள்ளன எழும்பி முற்றம் கூட்டுவது மட்டும் நான்.

சித்திரையில் மச்சாள் தொலைபேசி எடுத்தார். "நல்லூர்த் திருவிழாவுக்கு வாறன். வளவைப் பார்த்துப்போட்டுத்தான் காணி உறுதியை உங்கடை பேருக்கு எழுதுறதோ, வித்துப்போடுறதோ எண்டு யோசிக்க வேணும்."

எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. என் கணவர் கேதீஸ்வரனுக்கோ மூளை வேலை செய்யத் தொடங்கிவிட்டது. அது அடிக்கடி நடப்பதில்லை. நடக்கும்போது வீட்டிலுள்ளவர்கள் கவனமாக இருக்க வேண்டும்.

மச்சாளின் கனடா வீட்டுப் படத்தைக் கைத்தொலைபேசியில் காட்டினார். வாசலில் இருந்து தெருவரை பச்சைப் புல். "அக்கான்ரை கண் உதிலைதான் பழகியிருக்கு. எங்கடை வெறும் மண்ணைக் கண்டால் முகம் சுழிப்பா. முத்தம் முழுக்கப் புல்லுப் பதிக்கப் போறன்."

"முத்தத்திலை புல்லு நிண்டால் ஆளில்லாத வீடெண்டெல்லோ சனம் சொல்லும்?" என்றேன்.

"அது ஊர்க்கதை. உமக்கு லாண்ட்ஸ்கேப் விளங்காது."

கம்பஸில் படிக்கும் மகள் துசாந்தினிக்கு விளங்கியது. வளைந்த நடைபாதை, வெள்ளைக் கல், மூலைக்கொரு விளக்கு என்று கணினியில் வரைந்து தந்தாள். கிணற்றை மட்டும் வரைய மறந்துபோனாள்.

வேலைக்கு என் அண்ணன் சீவரத்தினம் வந்தார். சுன்னாகத்தில் வெங்காயம் செய்கிறவர். கொழும்பிலிருந்து பாய்மாதிரிச் சுருட்டி வந்த மலேசியன் புல்லைக் கண்டதும் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டார்.

"மச்சான், நாப்பது வருசமாய்ப் புல்லுப் பிடுங்கின கை இது. இதாலை புல்லு நடச் சொல்லுறியோ?"

சொல்லிவிட்டு, தங்கச்சி குடும்பம் என்பதற்காக நட்டார். ஆனால் நடைபாதை ஓரத்தில் ஒரு சாண் வெறும் மண் மிஞ்சியதைப் பார்த்துக்கொண்டிருக்க அவரால் முடியவில்லை. கேதீஸ்வரன் தேத்தண்ணி குடிக்கப் போன நேரத்தில் அதில் வெங்காயம் ஊன்றிவிட்டார்.

வெயில் எரித்த ஆனி மாதம் முழுக்கக் கிணற்றுத் தண்ணீர் புல்லுக்குப் போனது. நாங்கள் அளந்து குளித்தோம். என் விளக்குமாற்றையும் கேதீஸ்வரன் விட்டுவைக்கவில்லை. "உது அக்கான்ரை கண்ணிலை படக்கூடாது" என்று குசினிக்குப் பின்னால் ஒளித்துவைத்தார். கூட்ட முற்றமில்லாமல் காலையில் எழும்பி என்ன செய்வதென்று தெரியாமல் நின்றேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஒருநாள் அழுதும்விட்டேன்.

புல் நன்றாகப் பிடித்தது. ஒருநாள் காணித் தரகர் கந்தப்பு சைக்கிளை நிறுத்திப் படலைக்கு மேலால் எட்டிப் பார்த்தார். "வீட்டுக்காரர் வெளிநாடோ? வளவு விலைக்கோ?"

"பாத்தீரே, மதிப்புக் கூடியிட்டுது" என்றார் கேதீஸ்வரன் என்னிடம் பெருமையாக. ஆளில்லாத வீடென்று தரகர் நினைத்துவிட்டது எனக்குத்தான் விளங்கியது.

ஆடியில் மச்சாள் வந்து இறங்கினார். படலையடியில் நின்றவர் உள்ளே கால் வைக்கவில்லை. புல்லைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"தயா, நீ சுகமில்லாமல் கிடந்தனியோ?"

"இல்லை மச்சாள்."

"அப்ப ஏனடி முத்தம் புல்லுப் பத்திக் கிடக்கு?"

கேதீஸ்வரன் முன்னுக்கு வந்தார். "அக்கா, அங்கை உங்கடை வீட்டிலை இருக்கிறமாதிரி..."

"அங்கை சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை உதை வெட்டித்தான் என்ரை நாரியும் முதுகும் போனது. வெட்டாட்டி நகரசபை கடிதம் போடும். இஞ்சையும் உதைப் பாக்கவோ நான் இவ்வளவு காசு குடுத்துப் பறந்து வந்தனான்? வளவை இப்பிடித்தான் பாக்கிறியள் எண்டால் வித்துப்போடலாம்."

கேதீஸ்வரன் மச்சாளின் பெட்டியை எடுக்கக் குனிந்தார். அந்த நேரம் நான் வாய் திறந்திருந்தால் என்னென்ன வந்திருக்குமோ.

மச்சாள் கால் கழுவக் குசினிக்குப் பின்னாலுள்ள கிணற்றடிக்குப் போனார். திரும்பி வரும்போது கையில் என் விளக்குமாறு. ஈர்க்கெல்லாம் தேய்ந்து ஒரு சாண் அளவுக்கு வந்திருந்தது.

"இவ்வளவு தேயக் கூட்டினது ஆர்?"

துசாந்தினிதான் மெல்ல, "அம்மா. ஒவ்வொரு நாளும்" என்றாள்.

மச்சாள் அதைத் தூக்கிப் போடாமல் சுவரில் சாத்திவைத்தார்.

மறுநாள் நாங்கள் ஆளனுப்ப முன்னமே அண்ணன் வந்து நின்றார். இரண்டு மணித்தியாலத்தில் புல் முழுவதும் வேலிக்கரையில் கிடந்தது. அவர் அவ்வளவு சந்தோசமாக வேலை செய்து நான் பார்த்ததில்லை. பிறகு நான் புது விளக்குமாறு கட்டி முற்றத்தைக் கூட்டினேன். மச்சாள் கதிரையைப் போட்டு அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை நொத்தாரிசிடம் போனோம். யாருடைய பெயருக்கு உறுதி எழுதுவது என்று அவர் கேட்டார். கேதீஸ்வரன் சட்டைக் கொலரைச் சரிசெய்துகொண்டு அடையாள அட்டையை நீட்டினார்.

"உதை உள்ளை வை" என்றார் மச்சாள். "தயாளினியின்ரை பேருக்கு எழுதுங்கோ ஐயா. இவன்ரை பேருக்கு எழுதினால் இன்னொருக்காப் புல்லு நடுவான்."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது, சிரிப்பும் வந்தது. வீட்டுக்கு வந்ததும் கேதீஸ்வரன் வாளியைத் தூக்கிக்கொண்டு போய், அண்ணன் ஊன்றிய வெங்காயத்துக்குத் தண்ணீர் விட்டார்.